மில்லிகன் சுரண்டிய சோடியம்

பாளையங்கோட்டையில் என் வீட்டு மாடியில் சாயங்காலம் பன்னிரண்டாம் வகுப்புப் பிள்ளைகளுக்கு இயற்பியல் நடத்துகிறேன். ஒளிமின் விளைவுப் பாடம் வந்தால் ஒவ்வொரு வருஷமும் ஒரே இடத்தில் வண்டி நின்றுவிடும். இந்த வருஷமும் நின்றது. "சார், லைட்ட கூட்டி வச்சா எலக்ட்ரான் வேகமாத்தான வரணும்? ஏன் வரமாட்டேங்கு?" என்று ஒரு பெண் கேட்டாள். நல்ல கேள்வி. 1900 வாக்கில் உலகத்தின் பெரிய பெரிய இயற்பியலாளர்களும் இதே இடத்தில்தான் நின்றார்கள். அவளுக்குச் சொன்னதையும், மணி ஏழாகிவிட்டதே என்று சொல்லாமல் விட்டதையும் சேர்த்து இங்கே எழுதுகிறேன்.

உலோகத்தின் மேல் ஒளி பட்டால் அதிலிருந்து எலக்ட்ரான்கள் கிளம்பி வெளியே வருகின்றன. ஒளிமின் விளைவு என்றால் இவ்வளவுதான். இதை முதலில் பார்த்தவர் ஜெர்மனியைச் சேர்ந்த ஹெர்ட்ஸ். 1887-ல் அவர் தேடிக்கொண்டிருந்தது ரேடியோ அலைகளை. ஒரு பொறி தெறிப்பதைத் தெளிவாகப் பார்க்க வேண்டும் என்று கருவியை இருட்டுப் பெட்டிக்குள் வைத்தார். பெட்டிக்குள் போனதும் பொறியின் நீளம் குறைந்துவிட்டது. கண்ணாடி வைத்து மறைத்தாலும் குறைந்தது. குவார்ட்ஸ் வைத்தால் குறையவில்லை. கண்ணாடி தடுக்கும், குவார்ட்ஸ் விடும் என்றால் அது புற ஊதா ஒளி. மறு வருஷம் ஹால்வாக்ஸ் துத்தநாகத் தகட்டுக்கு எதிர் மின்னூட்டம் கொடுத்துப் புற ஊதாவைக் காட்டினார், மின்னூட்டம் வடிந்துபோனது. நேர் மின்னூட்டம் கொடுத்த தகட்டில் அப்படி நடக்கவில்லை. வெளியேறுவது எலக்ட்ரான்தான் என்று 1899-ல் ஜே. ஜே. தாம்சன் காட்டினார்.

தலைவலி 1902-ல் வந்தது. லெனார்ட் தன் விளக்கின் வெளிச்சத்தைக் கூட்டியும் குறைத்தும் பார்த்தார். வெளிச்சம் கூடினால் வெளியே வரும் எலக்ட்ரான்களின் எண்ணிக்கை கூடியது. வேகம் மட்டும் கூடவே இல்லை. ஒளி அலை என்றால் இது நடக்கக் கூடாது. பெரிய அலை வந்தால் படகு கூடுதலாக ஆட வேண்டுமே.

இந்த இடத்தில் ஆற்றங்கரை மாந்தோப்புக்கு வாருங்கள். உச்சியில் ஒரு மாங்காய் தொங்குகிறது. கை நிறையச் சரள் அள்ளி எறிகிறீர்கள். சரள் ஒவ்வொன்றும் மாங்காயில் பட்டுத் தெறித்து விழுகிறது, மாங்காய் அசையவில்லை. நூறு தடவை எறிந்தாலும் அதேதான். ஆனால் உள்ளங்கை அளவுக் கல் ஒன்றை எடுத்துச் சரியாக விட்டால் காம்பு முறிந்து மாங்காய் வந்துவிடும். கல் இன்னும் கொஞ்சம் பெரிது என்றால் காம்பு முறிந்தது போக மிச்ச வேகத்தில் மாங்காய் தள்ளிப் போய் விழும். இதில் கல்லின் கனம்தான் ஒளியின் அதிர்வெண், அதாவது நிறம். சிவப்பு ஒளி சரள். ஊதா நல்ல கல். புற ஊதா இன்னும் பெரிய கல். ஒரு நேரத்தில் எத்தனை கல் எறிகிறோம் என்பது வெளிச்சத்தின் அளவு. காம்பின் பிடிதான் பாடப்புத்தகத்தில் வரும் வெளியேற்று ஆற்றல். ஒவ்வொரு உலோகத்துக்கும் காம்பு ஒவ்வொரு மாதிரி.

1905-ல் ஐன்ஸ்டைன் சொன்னது இதுதான். ஒளி தொடர்ச்சியாக வழிந்து வருவதில்லை, பொட்டலம் பொட்டலமாக வருகிறது. ஒரு பொட்டலத்தின் ஆற்றல் அதிர்வெண்ணைப் பிளாங்க் மாறிலி என்ற மாறாத எண்ணால் பெருக்கினால் கிடைப்பது. ஒரு பொட்டலம் ஓர் எலக்ட்ரானுக்குத் தன் ஆற்றல் முழுவதையும் கொடுக்கிறது. அதில் காம்புக்குப் போனது போக மிச்சம்தான் எலக்ட்ரானின் இயக்க ஆற்றல். சமன்பாடு ஒரு வரி. கடைக்குக் கொண்டுபோன காசில் செலவு போக மிச்சம் என்கிற அதே கணக்கு.

எண்களைப் போட்டுப் பார்த்தால் நன்றாகப் பிடிபடும். 650 நானோமீட்டர் சிவப்பு ஒளியின் ஒரு பொட்டலத்தில் 1.9 எலக்ட்ரான் வோல்ட் (ஆற்றலை அளக்கும் மிகச் சின்ன அலகு) இருக்கிறது. சோடியத்தின் காம்பு 2.28 கேட்கும். ஆக, சிவப்பு விளக்கை எவ்வளவு பெரிதாக எரித்தாலும் சோடியத்திலிருந்து ஒன்றும் வராது. 405 நானோமீட்டர் ஊதாவில் 3.06 இருக்கிறது, எலக்ட்ரான் வெளியே வந்து, 0.78 மிச்சமும் வைத்திருக்கும். துத்தநாகத்தின் காம்பு 4.3 வரை கேட்பதால் அதே ஊதா அங்கே பலிக்காது. ஹால்வாக்ஸுக்குப் புற ஊதா தேவைப்பட்டது அதனால்தான்.

மாங்காய்க் கதை எங்கே இடறும் என்பதையும் சொல்லிவிடுகிறேன். நிஜக் காம்பு அடிமேல் அடி பட்டால் நைந்துபோகும். ஆயிரம் சரளில் ஒரு நாள் மாங்காய் விழலாம். எலக்ட்ரானுக்கு அந்தச் சேமிப்புப் பழக்கம் கிடையாது. போதாத ஆற்றல் வந்தால் அடுத்த பொட்டலம் வருவதற்குள் சுற்றியுள்ள உலோகத்துக்கே கொடுத்துவிடும். இன்னொன்று: எல்லா எலக்ட்ரானும் விளிம்பில் உட்கார்ந்திருப்பதில்லை. ஆழத்தில் இருப்பவை வெளியே வருவதற்குள் கூடுதலாகச் செலவழித்துவிடும். அதனால் ஐன்ஸ்டைனின் கணக்கு மிக வேகமாக வரும் எலக்ட்ரானுக்குத்தான் பொருந்தும். இந்த "மிக வேகமாக" என்கிற சொல்லை மனதில் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் தேவைப்படும்.

சரி, ஐன்ஸ்டைன் சொன்னதும் உலகம் ஏற்றுக்கொண்டதா என்றால், கிட்டத்தட்ட ஒருவரும் ஏற்கவில்லை. அதில் அவர்கள் தப்பு ஒன்றும் இல்லை. ஒளி அலைதான் என்பதற்கு ஒரு நூற்றாண்டுச் சோதனைகள் சாட்சி. இரண்டு ஒளிக்கற்றைகள் சேரும் இடத்தில் இருட்டுக் கோடுகள் விழுகின்றன. பொட்டலங்கள் சேர்ந்தால் எப்படி இருட்டு வரும்? அப்படி நம்பாதவர்களில் ஒருவர்தான் ராபர்ட் மில்லிகன். இந்தக் கட்டுரையே அவருக்காகத்தான்.

மில்லிகன் 1868-ல் அமெரிக்காவின் இல்லினாய்ஸ் மாநிலத்தில் பிறந்தார். அப்பா சபை போதகர். கல்லூரியில் அவருக்குப் பிடித்தது கிரேக்க மொழி. கிரேக்கம் நடத்திய பேராசிரியர் ஒரு நாள் அவரைக் கூப்பிட்டு, கீழ் வகுப்புக்கு இயற்பியல் நடத்து என்றார். எனக்கு இயற்பியல் ஒன்றும் தெரியாதே என்றதற்கு, கிரேக்கம் இவ்வளவு நன்றாகப் படிப்பவனுக்கு இயற்பியல் நடத்த வரும் என்று பதில் வந்ததாம். அந்தக் கோடை விடுமுறையில் புத்தகத்தைக் கையில் வைத்துக்கொண்டு தானே படித்தார். தமிழ் மீடியத்தில் படித்ததால் இயற்பியல் எனக்கு வராது என்று தயங்கும் பிள்ளைகளுக்கு இந்தக் கதையை நான் விடாமல் சொல்வேன். 1895-ல் கொலம்பியா பல்கலைக்கழகத்தில் முனைவர் பட்டம், பிறகு ஜெர்மனியில் ஒரு வருஷம், 1896-லிருந்து சிகாகோ பல்கலைக்கழகத்தில் வேலை. அங்கே பன்னிரண்டு வருஷத்துக்கு மேல் நல்ல வாத்தியாராகவும் நல்ல பாடநூல் ஆசிரியராகவும் இருந்தார். ஆராய்ச்சியில் பெயர் சொல்லும்படி ஒன்றும் அமையவில்லை. எலக்ட்ரானின் மின்னூட்டத்தை அளந்த எண்ணெய்த் துளிச் சோதனை தொடங்கியபோது அவருக்கு வயது நாற்பதைத் தாண்டிவிட்டது.

ஐன்ஸ்டைனின் சமன்பாட்டைச் சோதிக்க வேண்டுமானால் எலக்ட்ரானின் மிச்ச ஆற்றலை அளக்க வேண்டும். அவ்வளவு சின்னப் பொருளின் வேகத்தை எப்படி அளப்பது? நம்மூர் ஜங்ஷன் ஈரடுக்கு மேம்பாலத்தை நினைத்துக்கொள்ளுங்கள். சைக்கிளை வேகமாக மிதித்துக்கொண்டு வந்து, ஏற்றம் தொடங்கும் இடத்தில் மிதிப்பதை நிறுத்திவிட வேண்டும். வண்டி தானாக எவ்வளவு உயரம் ஏறி நிற்கிறதோ அதை வைத்து வந்த வேகத்தைச் சொல்லிவிடலாம். பத்துப் பேர் பத்து வேகத்தில் வந்தால், ஒருவருமே உச்சியைத் தாண்ட முடியாதபடி ஏற்றத்தை உயர்த்திக்கொண்டே போனால் போதும். கடைசி ஆளும் நின்ற உயரம்தான் மிக வேகமாக வந்தவரின் கணக்கு. எலக்ட்ரானுக்கு ஏற்றம் என்பது எதிர் மின்னழுத்தம். அதைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கூட்டி, மின்னோட்டம் முழுவதும் நின்றுபோகும் அளவைக் குறித்துக்கொள்ள வேண்டும். இதற்குப் பெயர் நிறுத்து மின்னழுத்தம். ஒவ்வொரு நிறத்துக்கும் இதை எடுத்து, அதிர்வெண்ணைக் கிடையாகவும் நிறுத்து மின்னழுத்தத்தைக் குத்தாகவும் வைத்து வரைபடம் போட்டால், ஐன்ஸ்டைன் சொன்னது சரியாக இருந்தால் நேர்கோடு வரும். அந்தக் கோட்டின் சாய்வு எந்த உலோகத்துக்கும் ஒன்றே.

1912-ல் ரிச்சர்ட்சனும் கார்ல் காம்ப்டனும் சேர்ந்து ஒரு பக்கமும், ஹியூஸ் தனியாக ஒரு பக்கமும் இதை அளந்து, நேர்கோடு போலத்தான் தெரிகிறது என்றார்கள். ஆனால் சந்தேகத்துக்கு இடம் இருந்தது. குறுகிய அதிர்வெண் எல்லைக்குள் நான்கு புள்ளி வைத்தால் வளைகோடும் நேர்கோடாகத்தான் தெரியும். கண்ணுக்குத் தெரியும் ஒளியிலிருந்து ஆழ்ந்த புற ஊதா வரை அகன்ற எல்லையில் எலக்ட்ரான் விடுகிற, காம்பு தளர்ந்த உலோகம் வேண்டும். அப்படிப்பட்டவை லித்தியம், சோடியம், பொட்டாசியம் போன்றவைதான்.

அந்தக் குடும்பத்து உலோகங்கள் எவ்வளவு படுத்தும் என்பது பள்ளி ஆய்வகத்தில் பார்த்தவர்களுக்குத் தெரியும். மண்ணெண்ணெய் பாட்டிலுக்குள் இருந்து வாத்தியார் இடுக்கியால் சோடியத்தை எடுப்பார். வெளியே பார்க்கச் சாம்பல் பூத்த கட்டி. தாளில் வைத்து ஒற்றிவிட்டு பிளேடால் நறுக்கினால் ஆறிய வெண்ணெய் போல வழுக்கிக்கொண்டு வெட்டுப்படும். உள்ளே வெள்ளிக் கொலுசைப் புதிதாகப் பார்த்த மாதிரி அப்படி ஒரு பளபளப்பு. எட்டிப் பார்க்க முன்வரிசைக்கு முட்டி மோதிக்கொண்டு நாங்கள் போய்ச் சேர்வதற்குள் பளபளப்பு போய்விடும். வாழைக்காயை நறுக்கித் தண்ணீரில் போடாமல் விட்டால் கறுப்பதைப் போல, ஆனால் அதைவிடப் பல மடங்கு சீக்கிரமாக, வெட்டிய முகம் மங்கிவிடும். காற்றும் ஈரமும் தொட்டதும் மேலே வேறு பொருள் படிந்துவிடுகிறது. படிந்த பிறகு நீங்கள் அளப்பது சோடியத்தின் காம்பை அல்ல.

மில்லிகன் என்ன செய்தார் தெரியுமா? கத்தியையே வெற்றிடத்துக்குள் கொண்டுபோனார். காற்றை உறிஞ்சி எடுத்த கண்ணாடிக் கலத்துக்குள் ஒரு சிறிய சக்கரம். அதில் மூன்று உலோகங்களின் உருளைகள். அவற்றின் முகத்தைச் சீவ ஒரு கத்தி. கையை உள்ளே விட முடியாது. கலத்துக்கு வெளியே மின்காந்தத்தை வைத்து அதைக் கொண்டே உள்ளே இருக்கும் கத்தியை நகர்த்திச் சுழற்றினார். ஒரு மெல்லிய சீவல் எடுத்ததும், அதே மாதிரி சக்கரத்தைத் திருப்பி, புதிய முகத்தைப் பாதரச விளக்கின் ஒளிக்கு நேரே நிறுத்தி அளவு எடுப்பார். மறுபடி சீவல், மறுபடி அளவு. இந்தக் கருவியை அவரே வெற்றிடத்துக்குள் ஒரு பட்டறை என்று சொன்னார். சரியான பெயர். நோபல் பரிசுச் சோதனை என்றதும் நம் மனதில் சமன்பாடு எழுதிய கரும்பலகைதான் வரும். இங்கே நடந்தது கண்ணாடி ஊதுவதும், பற்றவைப்பதும், கசிவு தேடுவதும், சுரண்டுவதும். பரப்பைச் சுத்தமாக வைத்திருப்பதற்காகவே ஒரு மனிதர் வருஷக்கணக்கில் உழைத்தார் என்பதைப் பாடப்புத்தகம் ஒரு வரியாவது சொல்ல வேண்டும் என்று எனக்கு ஆசை.

அடுத்த தொல்லை கள்ள ஒளி. பாதரச விளக்கிலிருந்து 434, 405, 365, 313, 254 நானோமீட்டர் என்று தனித்தனிக் கோடுகளாக ஒளி வரும். ஒன்றைப் பிரித்து எடுக்கும்போது அதைவிடக் குறுகிய அலைநீளம் துளி கலந்துவிட்டாலும் போச்சு. நாம் அளப்பது மிக வேகமான எலக்ட்ரானை அல்லவா? ஆயிரத்தில் ஒரு பொட்டலம் கள்ளத்தனமாகப் பெரிய கல்லாக வந்தாலும், உச்சியைத் தாண்டுவது அதனால் கிளம்பிய எலக்ட்ரான்தான். அதனால் மில்லிகன் நிறம் பிரிக்கும் கருவியோடு நிற்காமல் ஃபில்டர்களையும் வைத்து வடிகட்டினார்.

இதை நான் பட்டுத் தெரிந்துகொண்டேன். பி.எஸ்சி. படிக்கும்போது பிளாங்க் மாறிலி காணும் சோதனை எனக்கு வந்தது ஒரு ஆனி மாதத்தில். மேசைமேல் ஃபோட்டோசெல் பெட்டி, நான்கு நிற ஃபில்டர்கள், ஒரு கால்வனாமீட்டர். ஜன்னலுக்குக் கறுப்புத் துணி. குற்றாலத்தில் சீசன் என்றால் திருநெல்வேலியில் காற்று எப்படி அடிக்கும் என்று ஊர்க்காரர்களுக்குத் தெரியும். துணி தூக்கித் தூக்கி அடித்தது. பெட்டியின் மூடி சரியாகப் பொருந்தவில்லை என்பதை நான் கவனிக்கவில்லை. மூன்று மணி நேரம் நின்று அளவு எடுத்துக் கணக்குப் போட்டால், புத்தகத்தில் இருக்கும் மதிப்பில் பாதிகூட வரவில்லை. மறு வாரம் மூடியைச் சுற்றித் துணியைச் சுற்றிக் கட்டிவிட்டு எடுத்தேன், கிட்டத்தில் வந்தது. அந்த ஒரு வாரத்தில் கற்றதை வைத்துத்தான் இன்றைக்கும் இந்தப் பாடத்தை நடத்துகிறேன்.

மில்லிகனின் முழு அறிக்கை 1916-ல் வந்தது. புள்ளிகள் எல்லாம் கோடு பிடித்து அடித்ததுபோல நேராக உட்கார்ந்தன. சாய்விலிருந்து நேரடியாகக் கிடைப்பது பிளாங்க் மாறிலியை எலக்ட்ரானின் மின்னூட்டத்தால் வகுத்த மதிப்பு. மின்னூட்டத்தின் மதிப்பு வேண்டுமே? அதை எண்ணெய்த் துளியில் அவரே அளந்து கையில் வைத்திருந்தார்! இரண்டையும் பெருக்கி, இன்றைய அலகில் 6.57 × 10⁻³⁴ ஜூல் நொடி என்றார். இன்றைய மதிப்பு 6.626. வித்தியாசம் 1 சதவீதத்துக்கும் கீழே. அதிலும் பெரும்பங்கு ஒளிமின் சோதனையின் பிழை அல்ல. துளி விழுவதைத் தடுக்கும் காற்றின் பாகுத்தன்மைக்குச் சற்றுத் தவறான மதிப்பை எடுத்துக்கொண்டதால் எண்ணெய்த் துளிச் சோதனையில் மின்னூட்டம் 0.6 சதவீதம் குறைந்துபோயிருந்தது. அந்தக் குறை இங்கேயும் ஒட்டிக்கொண்டு வந்தது.

எனக்கு மிகவும் பிடித்த இடம் இனிமேல்தான். சமன்பாடு அச்சுப் பிசகாமல் சரி என்று எழுதிய அதே கட்டுரையில், அதற்கு ஐன்ஸ்டைன் சொன்ன காரணத்தை, அதாவது ஒளி பொட்டலமாக வருகிறது என்பதை, ஏற்க முடியாது என்றும் மில்லிகன் எழுதினார். பொய் என்று காட்டத் தொடங்கி, மெய் என்று அளந்து, அப்போதும் மனம் ஒப்பவில்லை. ஆனால் அளவில் கை வைக்கவில்லை. பிடிக்காத எண் வந்தபோது அதை அப்படியே எழுதிக் கொடுத்தார். இந்தச் சமன்பாட்டைச் சோதிப்பதில் வாழ்நாளில் பத்து வருஷம் போனது, நான் எதிர்பார்த்ததற்கெல்லாம் மாறாக அது சரி என்று சொல்ல வேண்டியதாயிற்று என்று 1949-ல், எண்பது வயதைத் தாண்டிய பிறகு எழுதினார். மறு வருஷம் வந்த தன்வரலாற்றில் மட்டும் முதலிலேயே ஐன்ஸ்டைனை ஒப்புக்கொண்டவர்போல எழுதிவிட்டார். 1916 கட்டுரை அப்படிச் சொல்லவில்லை. வயதான காலத்து நினைவைவிட அன்றைக்கு எழுதிய நோட்டை நம்புவதுதான் சரி.

ஒளிப் பொட்டலத்தைப் பலரும் நம்பத் தொடங்கியது 1923-ல், ஆர்தர் காம்ப்டன் எக்ஸ் கதிர்கள் எலக்ட்ரானில் மோதித் திரும்புவதை அளந்த பிறகு. மேலே சொன்ன கார்ல் காம்ப்டனின் தம்பிதான் அவர். அதற்கு முன்பே 1921-ம் ஆண்டுக்கான நோபல் பரிசு ஒளிமின் விளைவின் விதிக்காக ஐன்ஸ்டைனுக்குக் கிடைத்துவிட்டது. அளந்து காட்டிய மில்லிகனுக்கு 1923-ல் கிடைத்தது.

அவரிடம் குறையே இல்லை என்று நான் சொல்லமாட்டேன். எண்ணெய்த் துளிச் சோதனையில் ஹார்வி ஃபிளெட்சர் என்ற மாணவரின் பங்கு பெரிது. முக்கியமான கட்டுரை மில்லிகன் பெயரில் மட்டும் வந்தது. மனித இனத்தைத் தரம் பிரிக்கும் இயக்கத்துக்கு அவர் ஆதரவு கொடுத்தார். அவர் கால் நூற்றாண்டு தலைமை தாங்கி வளர்த்த கால்டெக் என்ற அமெரிக்க அறிவியல் கல்வி நிறுவனம் அதன் காரணமாக 2021-ல் அவர் பெயரைக் கட்டடங்களிலிருந்து எடுத்துவிட்டது. அது சரியான முடிவு என்றே நினைக்கிறேன். சோடியத்தின் அளவும் சரியாகவே நிற்கிறது.

அவர் நம் பக்கமும் வந்திருக்கிறார். 1939-40-ல் விண்வெளியிலிருந்து வரும் காஸ்மிக் கதிர்களை அளக்கப் பலூன்களோடு இந்தியா வந்து, பெங்களூரு உட்படச் சில ஊர்களிலிருந்து பறக்கவிட்டார். பூமியின் காந்த நடுக்கோட்டுக்கு (காந்த ஊசி மேலும் கீழும் சாயாமல் கிடையாக நிற்கும் கோடு) அருகே கதிர்கள் எப்படி வருகின்றன என்று பார்ப்பது நோக்கம். அந்தக் காந்த நடுக்கோடு தென்கோடித் தமிழ்நாட்டை ஒட்டிப் போவதால்தான் நம் கிருஷ்ணாபுரத்தில் இந்திய புவிகாந்தவியல் நிறுவனத்தின் ஆய்வகம் இருக்கிறது.

பிள்ளைகள் அடிக்கடி குழப்பிக்கொள்ளும் ஒன்றையும் சொல்லிவிடுகிறேன். கங்கைகொண்டான் சிப்காட்டில் சூரிய மின்கலம் செய்யும் ஆலை வந்ததிலிருந்து, "அதுவும் இதுதான சார்?" என்று கேட்கிறார்கள். இரண்டும் சொந்தக்காரர்கள், ஒரே ஆள் இல்லை. ஒளிமின் விளைவில் எலக்ட்ரான் உலோகத்தை விட்டே வெளியேறுகிறது. சூரியத் தகட்டில் அது சிலிக்கானுக்குள்ளேயே விடுபட்டுக் கம்பி வழியாக ஓடுகிறது. வெளியே வர வேண்டியதில்லை என்பதால் செலவும் குறைவு, ஏறத்தாழ 1.1 எலக்ட்ரான் வோல்ட் போதும். அதனால் சிவப்பு ஒளியும் அங்கே வேலைக்கு ஆகும்.

அன்றைக்கு வகுப்பு முடியும் முன்பு கேள்வி கேட்ட பெண்ணிடம் இரண்டு எண்களைக் கொடுத்தேன். சோடியத்துக்கு 405 நானோமீட்டரில் நிறுத்து மின்னழுத்தம் 0.78 வோல்ட், 254-ல் 2.60 வோல்ட். அலைநீளத்திலிருந்து அதிர்வெண் கண்டாள்: 7.40 × 10¹⁴, 11.80 × 10¹⁴. வோல்ட்டின் வித்தியாசம் 1.82, அதிர்வெண்ணின் வித்தியாசம் 4.40 × 10¹⁴. வகுத்து, 1.602 × 10⁻¹⁹ கூலூமால் பெருக்கினாள். 6.63 × 10⁻³⁴ வந்தது. விடையை இரண்டு தரம் அடிக்கோடிட்டுவிட்டு, பென்சிலைக் கீழே வைக்காமல் வரைபடத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"சார், 405-ல எடுக்கும்போது ஊடே கொஞ்சம் புற ஊதா கசிஞ்சிருந்தா இந்தப் புள்ளி மேல போயிருமே?"

"போயிரும்."

அவளே அந்தக் கீழ்ப் புள்ளியை மேலே தூக்கி வைத்து இன்னொரு கோடு போட்டாள். கோடு சாய்ந்து படுத்துவிட்டது.

"அதான் சார், அன்னைக்கு உங்களுக்குப் பாதிகூட வரல."